ஃபேன்டசி நாவலில் தப்புச் செய்தவனைத் திருத்தி எடுப்பது எப்படி: புதிதாக எழுத வருவோருக்கு

ஃபேன்டசி எழுத வருகிறவர்களின் கைப்பிரதி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. நாயகனின் கூட்டாளி பாதிக் கதையில் காட்டிக்கொடுக்கிறான். கடைசி மூன்று அத்தியாயத்தில் அழுகிறான். நாயகனுக்கு வந்த அம்பைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகிறான். கதைக்குள் இருக்கிற எல்லாரும் மன்னித்துவிடுகிறார்கள். படிக்கிறவர் மட்டும் மாட்டேன் என்கிறார். பட்ட கடன் அப்படியே நிற்கிறது, கடன்பட்டவன் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பது அவருக்குத் தெரிகிறது.

கீழே உள்ள வரிசை 60,000 சொல், 30 அத்தியாயம் என்ற அளவுள்ள நாவலுக்கானது. சிறுகதைக்கு இதை இழுக்காதீர்கள். சிறுகதையில் தப்பைக் காட்டலாம், ஒப்புக்கொள்வதைக் காட்டலாம். மீட்சிக்கு அங்கே இடம் பத்தாது.

விளக்க வசதிக்கு ஒரு மாதிரிக் கதை. பேரையூர்ப் பக்கம் மழையை மட்டுமே நம்பிய ஒரு கண்மாய். அதன் மடைக்குள் ஒரு தெய்வம் சத்தியத்தால் கட்டுண்டு காவல் இருக்கிறது. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊரின் நீர்பாய்ச்சி சோணை, ஆடிப்பெருக்கு அன்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவன். அதனால் தண்ணீர் பேசுவது அவன் காதில் விழும். வெளியூர் மந்திரவாதி ஒருவன் கொடுத்த பொன்னுக்காகக் கார்த்திகை மாத ராத்திரி ஒன்றில் மடையைத் திறந்து தெய்வத்தை விட்டுக்கொடுக்கிறான். கரை உடைகிறது. கீழக்குடியில் மூன்று பேர் சாகிறார்கள், நாற்பது ஏக்கர் மணல் மேடிட்டுப் போகிறது. அன்று கரைக்காவல் இருந்த வேலுவின் மேல் பழி விழ, ஊர்க்கூட்டம் அவனை அடித்துத் துரத்துகிறது. வேலுவின் மனைவி பேச்சி ஊரிலேயே இருக்கிறாள்.

1. தப்பை ஒரே வரியில் எழுதுங்கள்

வரியின் எழுவாய் அவனாக இருக்க வேண்டும். ‘மடை திறந்துகொண்டது’, ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதினால் அந்தப் பாத்திரத்துக்கு மீட்சியே தேவைப்படாது. ‘சோணை பொன்னுக்காக மடையைத் திறந்தான்.’ இவ்வளவு போதும்.

அடுத்து அந்த வரியைச் செயல், ஆதாயம், மறைப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் செயலிலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றுகிறார்கள். வாசகர் செயலைச் சீக்கிரம் பொறுத்துக்கொள்வார், மறைப்பைப் பொறுக்க மாட்டார். நம் கதையில் மிகக் கனமான இடம் மடை திறந்த ராத்திரி இல்லை. ஊர் கூடும் பொதுவிடமான மந்தையில் வேலுவை அடிக்கும்போது சோணை வாயைத் திறக்காமல் கல்லில் உட்கார்ந்திருக்கிறானே, அதுதான். அந்தக் காட்சிக்கு 1,500 சொல் கொடுங்கள். மடை திறக்கிற காட்சி 800 சொல்லுக்குள் முடியலாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ‘மந்திரத்தில் கட்டுண்டிருந்தான்’ என்று பின்னால் சொல்வது. மறுக்க முடியாதவன் செய்தது தப்பே இல்லை. நீங்கள் 200 பக்கம் எழுதியது விபத்துக் கதையாகிவிடும். மந்திரவாதி ஆசை காட்டலாம், பயம் காட்டலாம், கையைப் பிடித்துத் திறக்க வைக்கக் கூடாது. இரண்டாவது, சின்ன வயசுக் கொடுமை. வறுமையோ அவமானமோ காரணமாக இருக்கலாம். ஆனால் அதைத் தப்புக்கு முன்னால் வைத்தால் அது வக்கீல் வாதம் மாதிரிக் கேட்கும். தப்புக்குப் பிறகு, வேறொருவர் வாயால், 150 சொல்லுக்குள் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

2. எழுதும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஐந்து தாள் போதும். ஒரு வாரத்தில் தயாராகிவிடும். இதைச் செய்யாமல் முதல் அத்தியாயம் தொடங்காதீர்கள்.

முதல் தாள் மேலே சொன்ன ஒரு வரியும் அதன் மூன்று பிரிவும்.

இரண்டாம் தாள் கடன் பட்டியல். உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு பெட்டியில் இருக்கும் மொய் நோட்டைப் போலவே இதைப் போடுங்கள்: பெயர், ஊர், அவரிடமிருந்து போனது, திரும்பியது, எந்த அத்தியாயத்தில். பேச்சியின் பேருக்கு நேரே புருஷன், ஊரில் இருந்த மரியாதை, ஒரு வருஷ வருமானம். வேலுவின் பேருக்கு நேரே ஊர், பேர், முதுகுக் காயம். கீழக்குடிக்கு நாற்பது ஏக்கர். மடைத் தெய்வத்துக்கு உடைந்த சத்தியம். செத்த மூவருக்கும் தனித்தனி வரி போடுங்கள். அவற்றில் ‘திரும்பியது’ என்ற கட்டம் கடைசிவரை காலியாகவே இருக்கும். இருக்கட்டும். அந்தக் காலிக் கட்டங்கள்தான் உங்கள் முடிவை இனிப்பாகப் போகவிடாமல் பிடித்துவைக்கும்.

மூன்றாம் தாள், யாருக்கு எது எப்போது தெரியும் என்பது. சோணைதான் திறந்தான் என்று மந்திரவாதிக்கு அன்றே தெரியும். சோணையின் அம்மாவுக்கு மடியில் இருந்த பொன்னைப் பார்த்ததும் சந்தேகம். பேச்சிக்கு 15-ஆம் அத்தியாயம்வரை தெரியாது. இதைப் போடாமல் எழுதினால் எங்கோ ஓரிடத்தில் பேச்சி தனக்குத் தெரியாத விஷயத்துக்காகக் கோபப்படுவாள். முதல் கைப்பிரதிகளில் அடிக்கடி தட்டுப்படும் ஓட்டை இது.

நான்காவது மந்திரச் சட்டம். அதற்குத் தனிப் படி கீழே உண்டு.

ஐந்தாவது, பாதிக்கப்பட்டவரின் தாள். தப்புச் செய்தவனுக்கு எவ்வளவு எழுதினீர்களோ அதே அளவு பேச்சிக்கும் எழுதுங்கள்: அவள் வேலை என்ன, யாரோடு பேசுவாள், எதற்குச் சிரிப்பாள், வேலு இல்லாத வீட்டில் அரிசிக்கு என்ன செய்கிறாள். இந்தத் தாள் மெலிந்திருந்தால் அவள் மன்னிப்பு வழங்கும் கருவியாக மட்டுமே நிற்பாள்.

3. மந்திரம் எதைச் செய்யக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

ஃபேன்டசிக்கே உரிய ஆபத்து இது. சாதாரண நாவலில் செத்தவர் எழுந்து வரமாட்டார். உங்கள் நாவலில் வரலாம் என்று வாசகருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் அடைத்துவிடுங்கள். மூன்று தடை குறைந்தபட்சம்: செத்தவரை எழுப்பக் கூடாது, நடந்ததை மறக்கடிக்கக் கூடாது, காலத்தைப் பின்னால் திருப்பக் கூடாது. இவற்றில் ஒன்றைத் திறந்துவைத்தாலும் கடன் பட்டியல் முழுவதும் ஒரே மந்திரத்தில் அடைந்துவிடும். சோணைக்குச் செய்ய வேலையே இருக்காது.

மாறாக, சத்தியத்தின் விலையை மந்திரத்தால் கூட்டலாம். மடை திறந்த ராத்திரியிலிருந்து சோணைக்குத் தண்ணீரின் பேச்சு மாதம் ஒரு ஒலியாகக் கேட்காமல் போகிறது: முதலில் கண்மாய் நிறைந்து உபரி நீர் கலுங்கு தாண்டும் சத்தம், பிறகு மடையின் இரைச்சல், கடைசியில் குடத்தில் ஊற்றும் சத்தம்கூட. திருந்தியதும் காது திரும்ப வந்தது என்று எழுதாதீர்கள். இழந்த சக்தி பரிசாகத் திரும்பினால் அவன் அடைத்தது கடன் இல்லை, போட்டது முதலீடு.

சத்தியம் ஒரு ஊரில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அழகர்கோயிலுக்குப் போய்வாருங்கள். மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அங்கே கதவுதான் சந்நிதி. சந்தனம் பூசிய அந்தக் கதவின் முன் நின்று வழக்குத் தீர்த்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. அங்கே வழங்கும் கதையும் உங்களுக்கு நேரடியாக உதவும். அழகரின் சக்தியைக் கவர மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளுக்குக் காவலாக வந்தவன் கருப்பன். மந்திரவாதிகள் படிக்குக் கீழே புதைக்கப்பட்டார்கள். கருப்பன் அதே வாசலுக்குக் காவலானான். திருட வந்த கூட்டத்தின் காவலாளிக்கு மாளிகையோ விடுதலையோ கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. உங்கள் பாத்திரத்துக்கும் கடைசியில் என்ன ‘கிடைக்கிறது’ என்று யோசிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. காலக்கணக்கு

திருந்துவது எத்தனை நாள் பிடிக்கும்? கதைக்குள் குறைந்தது ஒரு வருஷம் கொடுங்கள். ‘அன்று இரவே மனம் மாறினான்’ என்பதை யாரும் நம்புவதில்லை. கண்மாய்க் கதையில் இதற்கு உங்கள் கற்பனைகூடத் தேவையில்லை, மழையே காலக்கெடு வைத்துவிடுகிறது. தண்ணீர் நிற்கும்போது உடைப்பைச் சரியாக அடைக்க முடியாது. கண்மாய் காய வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.

அத்தியாயக் கணக்கு இப்படிப் போடலாம். 1 முதல் 5 வரை சோணை வேலையில் கெட்டிக்காரன். ஊர் அவனை நம்புவதற்குக் காரணம் காட்டுங்கள். 6 முதல் 8 வரை ஐப்பசி, கார்த்திகை: தப்பும் மந்தைக் காட்சியும். 9 முதல் 13 வரை மறைப்பு. தை பிறந்தும் அறுப்பு இல்லாத ஊரில் அவன் மடியில் மட்டும் பொன் இருக்கிறது. 14, 15 பங்குனி: ஒப்புக்கொள்ளல். 16 முதல் 18 வரை முதல் முயற்சி, தோற்கிறது. 19 முதல் 26 வரை ஆவணி, புரட்டாசிவரை நீளும் உழைப்பு. 27 முதல் 30 வரை மழை.

ஒப்புக்கொள்ளல் நாவலின் நடுவில் வருகிறது, கவனியுங்கள். அதைக் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளினால் அடைப்பதற்குப் பக்கம் இருக்காது. அப்புறம் அம்பு, நெஞ்சு, சாவு என்றுதான் முடியும்.

மறைப்புப் பகுதியையும் சுருக்காதீர்கள். திருவிளையாடல் புராணத்தின் முதல் படலமே ஒரு குற்றவாளியின் கதை. கொலைப் பழிக்கு ஆளான இந்திரன் அதை முதலில் மரத்துக்கும் மண்ணுக்கும் நீருக்கும் பெண்களுக்கும் பங்குபோட்டுக் கொடுக்கிறான். மரத்தில் பிசின், மண்ணில் உவர், நீரில் நுரை என்று அது தங்கிவிடுகிறது. மறுபடி பழி சேரும்போது தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிகிறான். தேவர்களின் அரசன், ஒரு தண்டுக்குள். பங்குபோடுவது, ஒளிவது என்ற இரண்டு கட்டமும் உங்கள் பாத்திரத்துக்கும் வேண்டும். கடம்பவனத்தில், அதாவது இன்றைய மதுரையில், பழி நீங்கிய பிறகும் அவனுக்கு விட்டுப்போகாத ஒரு கடமை இருக்கிறது: ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் வந்து வழிபட வேண்டும். கணக்கு ஒரே நாளில் மூடப்படுவதில்லை என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

5. ஒப்புக்கொள்ளும் காட்சி

இடம் முக்கியம். பழி எங்கே விழுந்ததோ அதே மந்தை, கூடுமானவரை அதே ஆட்கள். பேச்சியிடம் மட்டும் தனியாகச் சொல்லி அழுவது அவன் பாரத்தை அவள் தலையில் இறக்குவது. வேலுவின் பேர் ஊருக்கு முன்னால் போனது, ஊருக்கு முன்னால்தான் வர வேண்டும்.

முந்துவது அதைவிட முக்கியம். வேறு யாராவது சாட்சியோடு வந்து பிடித்த பிறகு சொன்னால் அது பிடிபட்டது, அவ்வளவுதான். சோணையின் குட்டு உடையும் வாய்ப்பு அநேகமாக மறைந்துவிட்ட சமயத்தில் அவனைச் சொல்ல வையுங்கள். மந்திரவாதி செத்துவிட்டான், பொன்னை எடைபோட்ட ஆசாரி ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்சி மொத்தம் 1,200 சொல் இருக்கலாம். அவன் பேச்சு 100 சொல்லைத் தாண்டக் கூடாது. அதில் ‘ஆனால்’, ‘என் நிலைமை’, ‘விதி’ மூன்றும் கூடாது.

“அன்னைக்கு ராத்திரி மடையத் தொறந்தது நான். பொன்னுக்காகத் தொறந்தேன். வேலுவ நீங்க அடிக்கும்போது நான் இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தேன்.”

இதற்கு மேல் அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் காட்சியின் கனத்தைக் குறைக்கும். மீதி 1,100 சொல் கேட்டவர்களுக்கு. அடித்தவர்களில் எவனும் சோணையைப் பார்க்க மாட்டான். அவர்களுக்கும் கடன் பட்டியலில் ஒரு வரி வந்துவிட்டது.

ஒப்புக்கொண்டதும் உயிரைவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சாக்கு எதுவும் சொல்லவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்த நொடியே தன்னைக் குற்றவாளி என்று சொல்லி அரியணையிலிருந்து விழுந்து சாகிறான். அதைவிட வேகமான ஒப்புதல் எந்தக் கதையில் உண்டு? அப்படியும் கண்ணகி அடங்கவில்லை, ஊர் எரிந்தது. அரசனின் சாவு அவளுக்கு எதையும் திருப்பித் தரவில்லை. மேலமடைப் பாண்டி கோயில் முனீஸ்வரர் அந்தப் பாண்டியனே, மறுபிறவி எடுத்துத் தவமிருக்கிறார் என்று சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. செத்த பிறகும் அவரை உட்கார வைத்துத் தவம் செய்ய வைத்த மக்கள், கணக்கு முடியவில்லை என்றுதானே நினைத்திருக்கிறார்கள்.

6. விலை: எதை, எந்த வரிசையில் கொடுப்பது

முதலில் ஆதாயம் போக வேண்டும். தப்பால் வந்த பொன் ஒரு குந்துமணிகூட அவனிடம் இருக்கக் கூடாது. இதை மறந்துவிட்டுத் தியாகக் காட்சிக்குத் தாவும் கைப்பிரதிகள் ஏராளம். அரியணை திருடியவன் திருந்திய பின்னும் அரியணையிலேயே இருக்கிறான்!

இரண்டாவது, போனது அதே வடிவில் திரும்ப வேண்டும். கரையை உடைத்தவன் கரையைக் கட்ட வேண்டும். பேரைக் கெடுத்தவன் ஆளைத் தேடிப் பிடித்து அழைத்துவர வேண்டும். வேறொரு ஊரில் பத்துக் குழந்தைகளை நெருப்பிலிருந்து காப்பாற்றுவது நல்ல காரியம்தான், பேச்சியின் வரியில் அது வரவாகாது. அதேபோல, சோணையைவிடக் கொடியவன் ஒருவனைக் கொண்டுவந்து அவனோடு மோதவிட்டுச் சோணையை நல்லவனாக்குவதும் செல்லாது.

மூன்றாவது, வேலை வேலையாக இருக்கட்டும். விவரம் கொடுங்கள். உடைப்பில் சும்மா மண்ணைக் கொட்டினால் பழைய கரையும் புது மண்ணும் ஒட்டாது, சேர்ந்த இடத்தில் கசியும். பழைய கரையின் இரண்டு முனையையும் படிப்படியாக வெட்டிக்கொண்டு அதன்மேல் புது மண் ஏற வேண்டும். அரை அடிக்கு ஒரு வரிசை மண், தண்ணீர் தெளிப்பு, திமிசுக்கட்டையால் இடி, அப்புறம்தான் அடுத்த வரிசை. வெறும் கரம்பைக் களிமண் போட்டால் காய்ந்ததும் வெடிக்கும். மணல் கூடினால் தண்ணீர் நிற்காது. 16-ஆம் அத்தியாயத்தில் சோணை தனியாளாக, அவசர அவசரமாகக் கொட்டிய மண் சித்திரைக் கோடைமழை ஒன்றிலேயே கரைகிறது. முதல் முயற்சி ஏன் தோற்றது என்பதற்கு வேறு தத்துவக் காரணம் தேடவேண்டாம். அவனுக்குச் சீக்கிரம் முடித்து நல்ல பேர் வாங்க வேண்டியிருந்தது. மண் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

இந்தப் பகுதி அலுப்பாக இருக்குமே என்று பயப்படாதீர்கள். திருவிளையாடலில் தகப்பனைக் கொன்று மாபாதகம் செய்தவனுக்கு இறைவன் சொன்ன பரிகாரத்தில் பசுவுக்குப் புல் பறித்துப் போடுவதும் கோயிலை வலம் வருவதும் இருக்கின்றன. தினசரி வேலை. ஆனால் அந்தப் படலத்தில் செத்துப்போன தகப்பனுக்குப் பேச இடம் இல்லை. புராணத்துக்கு அது போதும். அங்கே கணக்குத் தீர்ப்பவர் கடவுள். நாவல் படிக்கிறவர் பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்ப்பார்.

7. தீர்ப்பைப் பாதிக்கப்பட்டவரிடம் விடுங்கள்

மன்னிப்பதா வேண்டாமா என்பது பேச்சியின் உரிமை. அவள் மன்னிக்காமலே நாவல் முடியலாம். குழந்தையின் நோய், பொது எதிரி, செத்தவரின் ஆவி வந்து ‘மன்னித்துவிடு’ என்பது போன்ற நெருக்கடிகளால் அவளைத் தள்ளாதீர்கள்.

உறவின் நிலையைச் சொல்ல உணர்ச்சி வர்ணனையைவிட விளிச்சொல் நன்றாக வேலை செய்யும். தப்புக்கு முன்: “சோணைண்ணே, சாப்பிட்டீகளா?” மந்தையில் அவன் ஒப்புக்கொண்ட பின்: “மண்ணு போடுறதுன்னா போடு. என் வாசப்பக்கம் வராத.” அண்ணனும் போயிற்று, மரியாதையும் போயிற்று. 26-ஆம் அத்தியாயத்தில், கரையில் வேலை முடிந்து அவன் கடந்து போகும்போது, அவள் தன் மகளிடம் சொல்கிறாள்: “கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போகச் சொல்லு.” அவனிடம் நேராகச் சொல்லவில்லை. ‘அண்ணே’ திரும்பவில்லை. நாவல் முடியும்வரை திரும்ப வேண்டியதும் இல்லை.

வேலு திரும்பி வந்தால் அவனுக்கும் தனித் தீர்ப்பு உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வேறுபட்டால் கதை இன்னும் உயிரோடு இருக்கும்.

8. திருத்தும்போது

கைப்பிரதி முடிந்ததும் ஒரு மாதம் மூடி வையுங்கள். திறந்ததும் முதலில் கதையைப் படிக்காதீர்கள். கடன் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நேரே அத்தியாய எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத வரி இருந்தால் ஒரு காட்சி குறைகிறது. செத்த மூவரின் வரியில் எண் ஏறியிருந்தால் ஒரு காட்சி அதிகம், வெட்டுங்கள்.

பிறகு கணினியில் ‘கண்ணீர்’, ‘குற்ற உணர்வு’, ‘மனம் உடைந்து’, ‘தன் தவறை உணர்ந்த’ ஆகியவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்று வரும் இடத்திலும் அவன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எழுதி மாற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் தானாக உதிரும்.

கடைசியாக இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவருக்கு முழு நாவல். மற்றவருக்கு 6 முதல் 30 வரை மட்டும், அதாவது சோணை நல்லவனாக இருந்த பகுதி இல்லாமல். இருவரிடமும் ஒரே கேள்வி: எந்த இடத்தில் அவன் மேல் உங்களுக்குக் கோபம் குறைந்தது? இரண்டாமவருக்குக் குறையவே இல்லையென்றால், உங்கள் மீட்சி அவன் பழைய நற்பெயரின் மேல் நிற்கிறது. 19 முதல் 26 வரை மறுபடி எழுத வேண்டும். இருவருமே 14-ஆம் அத்தியாயத்தைச் சொன்னால் பேச்சு நன்றாக இருக்கிறது, உழைப்பு படிக்கப்படவில்லை என்று பொருள். பேச்சிலிருந்து இன்னும் இருபது சொல்லை எடுத்துவிட்டு வேறு ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.